பிஸ்கட் பொட்டலத்தின் கடைசி வரி

நெஞ்செரிச்சலுக்காக மலேசியாவின் கூலிம் நகரக் கிளினிக்கில் காத்திருந்தேன். காப்பியை விடச் சொல்லியிருந்தார் டாக்டர். இரண்டு நாள் விட்டிருந்தேன்.

எதிரே ஒரு இளம் தாய் உட்காராமல் நடந்துகொண்டிருந்தார். ஆலைச் சீருடை, தோளில் ஈரத் துண்டு, அதன்மேல் நிமிர்த்திப் பிடித்த நான்கு மாதக் குழந்தை. அவர் நின்றால் குழந்தை முதுகை வளைத்து அழுதது. குடித்த பால் துண்டில் வழிந்தது. பார்த்த எனக்கே கால் வலித்தது. பையிலிருந்த பிஸ்கட்டை நீட்டினேன்.

"பால் கலந்திருக்கா, அங்கிள்?"

'அண்ணன்' என்று அழைக்கப்படும் வயதை எப்போது தாண்டினேன் என்று யோசித்தபடி, "இல்லம்மா, வெறும் பிஸ்கட்டுதான்லா" என்றேன்.

அவர் பொட்டலத்தைத் திருப்பி, நடந்துகொண்டே படித்தார். நிறையப் படித்தவன் என்று பீற்றிக்கொள்பவன் நான். இப்படியொரு வாசகரைப் பார்த்ததில்லை.

"கடைசி வரியில வே பவுடர்னு இருக்கு. அதுவும் மாட்டுப்பால்தான், இவனுக்கு ஒத்துக்காது. நான் சாப்பிட்டா தாய்ப்பால் வழியா இவனுக்குப் போயிரும்."

"கொஞ்சமாத்தானே இருக்கும்?"

"அப்படி நெனச்சுத்தான் போன வாரம் ஒரு துண்டு கேக் தின்னேன். மூணு நாள் இவனப் படுக்க வைக்க முடியல. தின்னது நான், அழுதது இவன்."

"அப்ப என்னதான் சாப்பிடுற?"

"சோறு, கோழி, பூசணிக்கா. ரெண்டு மாசமா அதான். இன்னைக்கு இவன் எடை கூடியிருக்கணும், அங்கிள்."

அவரை உள்ளே கூப்பிட்டார்கள். அவர் வெளியே வந்தபோது என் வரிசை எண்ணை அழைத்துவிட்டார்கள், கேட்க முடியவில்லை.

எடை கூடியதா என்று இன்றும் தெரியாது. பிஸ்கட் வாங்கினால் கடைசி வரி வரை படிக்கிறேன். படித்துவிட்டுக் காப்பியில் நனைத்துத் தின்கிறேன்.