அவங்க ஊசி, நம்ம ஊசி

பெயிண்ட் கடைக்காரருக்குத் தெருவில் வெண்கலம் என்று பெயர். குரல் அப்படி. பகலில் சுவருக்கு வர்ணம் விற்பார். சாயங்காலமானால் கட்சி மேடையேறி எதிரிகளுக்குக் கரி பூசுவார். எதிர்க்கட்சிக் கொடியின் நிறத்தில் யாராவது ஒரு டப்பா கேட்டுவிட்டால், "அது சீக்கிரம் வெளுத்துடும்ங்க" என்று நாக்கூசாமல் சொல்வார். வியாபாரம் போனாலும் கொள்கை போகக்கூடாது பாருங்கள்.

போன ஆட்சி எதிரிகளுடையது. காய்ச்சல் ஊரைப் புரட்டிப் போட்டபோது தடுப்பூசி கொண்டுவந்தது அவர்கள்தான். அது ஒன்று போதாதா? "இது மருந்தில்ல, மக்களை வெச்சுப் பாக்குற சோதனை! நம்ம ஆளு ஒருத்தனும் கையை நீட்டக் கூடாது!" என்று வெண்கலம் முழங்கினார். கைதட்டல் காதைப் பிளந்தது. மறுவாரமே பஸ் ஏறி, தன்னை யாருக்கும் தெரியாத ஓர் ஊரில் கையை நீட்டிவிட்டு வந்தார். அவரும் மனுஷன்தானே, உயிர்மேல் ஆசை இருக்காதா?

வீட்டில் அக்காவிடம்கூட மூச்சு விடவில்லை. வலித்த தோளுக்குக் கடை ஷட்டர் மேல் பழி போட்டார். அவளும் நம்பி, சுளுக்குக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுத்தாள். தாய் போன பிறகு அவரை வளர்த்து ஆளாக்கியவள் அவள். இளைப்புக்காரி; நாலு படி ஏறினால் நெஞ்சு விசிலடிக்கும். தம்பி பேசும் கூட்டத்துக்கெல்லாம் போய் முன்வரிசையில் உட்கார்ந்து, கேட்டதை வேதவாக்காக வீட்டுக்குக் கொண்டுவருவாள். அவளிடம் சொன்னால் தெருவில் உளறிவிடுவாள், அப்புறம் கட்சியில் தலைகாட்ட முடியாது என்பது அவர் கணக்கு.

தேர்தல் வந்தது, ஆட்சி கைமாறியது. அதே ஊசி, அதே மருந்து, அதே நர்ஸ். புகழ்ந்து பேசும் வேலை மட்டும் வெண்கலத்துக்கு வந்தது. எதிர்வரிசையில் படங்களுக்குச் சட்டம் போடும் கடைக்காரர்தான் தோற்ற கட்சியின் பேச்சாளர். தான் ஊசி போட்டுக்கொண்ட போட்டோவைப் பெரிதாக்கிக் கடையில் மாட்டியிருந்த மகானுபாவர், அதைக் கழற்றிவிட்டு அருவிப் படம் மாட்டினார். ஊசி ஆபத்து என்று ஊர் ஊராகக் கிளம்பியும் விட்டார்.

அப்பாடா என்று வெண்கலம் அக்காவிடம் ஓடினார்.

"அக்கா, நாளைக்கே போய் ஊசி போட்டுக்க."

"நீதானேடா வேணாம்னே?"

"அப்ப அது அவங்க ஊசி. இப்ப நம்ம ஊசி."

"மருந்தை மாத்திட்டாங்களா?"

"இல்லக்கா... ஆட்சி மாறியிருக்கு."

"அப்ப நீ ஆட்சிக்காகப் பேசுற. முன்ன மனசாரப் பேசினே. எனக்கு அதுவே போதும்."

அதற்கு மேல் அவள் மசியவில்லை. மறுபடி காய்ச்சல் தலைகாட்டியது. இந்த நுரையீரல் இன்னொரு அடியைத் தாங்காது என்று டாக்டர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார். வெண்கலத்துக்குச் சோறு இறங்கவில்லை. தன் வாயே அக்காவுக்கு எமனாகிவிடுமோ என்று நடுங்கினார். கடைசியில் வெட்கத்தை விட்டு, சட்டக் கடையின் பின்வாசலில் போய் நின்றார்.

"வீட்டுக்கு வந்து, அக்காகிட்ட ஊசி போட வேணாம்னு சொல்லுய்யா."

"என்னைக் கண்டாலே உங்கக்கா எரிஞ்சு விழுவாங்களே!"

"அதுக்குத்தான் கூப்பிடுறேன்."

சட்டக் கடைக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஆனாலும் வந்தார். வாசலில் நின்று, "உங்க நல்லதுக்குச் சொல்றேங்க்கா, ஊசிப் பக்கமே போயிடாதீங்க" என்று உருக்கமாக ஆரம்பித்தார்.

"எனக்குப் புத்தி சொல்ல நீ யாருடா?" என்று அக்கா செருப்பைத் தேடினாள். அடிக்கத்தான் என்று நினைத்து அவர் ஓட்டம் பிடித்தார். அவளோ அதைக் காலில் மாட்டிக்கொண்டு நேரே ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

வெண்கலத்துக்குச் சந்தோஷத்தில் கால் தரையில் பாவவில்லை. சாயங்காலம் கடையைச் சீக்கிரமே சாத்திவிட்டு வந்தார். அக்கா தோளைப் பிடித்துவிட்டபடி உட்கார்ந்திருந்தாள்.

"வலிக்குதாக்கா?"

"ம்." அவள் அவருடைய தோளையே பார்த்தாள். "அன்னைக்கு உனக்குச் சுளுக்குனதும் இதே இடம்தானேடா?"

வெண்கலத்தின் கை தானாகத் தன் தோளுக்குப் போனது.

"கட்சிக்காரங்ககிட்ட சொல்லல, சரி. என்கிட்டயுமாடா? மேடைக்குக் கீழ உட்கார்ந்திருக்கற கூட்டத்துல நானும் ஒருத்தின்னு நெனச்சிட்டியா?"

ஒத்தடத்துக்கு வெந்நீர் வைக்கிறேன் என்று அவர் அடுப்படிக்குப் போனார். தண்ணீர் கொதித்து ஆறியும் வெளியே வரவில்லை.