மாமா பிடித்துக் கொடுத்த நாற்காலி

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சிதம்பரத்தில் என் வீட்டு வாசலில் ஒரு ஜட்கா வந்து நின்றது. இறங்கியவர் என் மாமா. அம்மாவின் தம்பி. கடலூர் மஞ்சக்குப்பத்துவாசி. என்னோடு பேச்சை நிறுத்தி வருஷக்கணக்காகிறது. அவர் பின்னாலேயே, தலையைக் குனிந்துகொண்டு, மகன் பாலு.

சாமி கும்பிட வந்திருப்பார், மனசு இளகியிருக்கும் என்று நினைத்தேன். இல்லை... சண்டைக்கு ஆள் சேர்க்க வந்திருந்தார்!

“இவனுக்கு நீதான் புத்தி சொல்லணும்” என்றார், உட்காருவதற்கு முன்பே. “நான் சொன்னா காதுல வாங்க மாட்டேங்கறான். மச்சான் மச்சான்னு உன் புராணமே பாடறான் இல்ல? நீயே சொல்லு.”

விஷயம் இதுதான். பாலு பி.எஸ்ஸி. படித்தவன். மாமா யார் யாரையோ பிடித்து அவனுக்கு ஒரு சர்க்கார் ஆபீஸில் குமாஸ்தா வேலை வாங்கித் தந்திருந்தார். பையன் சாயந்தரங்களில் துறைமுகத்துப் பக்கம் போவான். அங்கே மீன்பிடிக்கிற மோட்டார் படகுகளுக்கு இன்ஜின் ரிப்பேர் செய்கிற பட்டறை ஒன்று. முதலில் வேடிக்கை பார்த்தான். பிறகு ஸ்பானரைக் கையில் எடுத்தான். இப்போது பட்டறையிலேயே வேலைக்குச் சேர்ந்து, ஆபீஸில் ராஜினாமா கொடுத்துவிட்டான்.

“ராஜினாமா இன்னும் மேஜை மேலதான் கெடக்கு. நாளைக்குப் போயி திருப்பி வாங்கிக்கலாம், நான் பேசிட்டேன்” என்றார் மாமா. “பர்மனென்ட் வேலைடா! பென்ஷன் உண்டு! அத்த உட்டுட்டு இவன் டீசல்ல குளிக்கிறான். வூட்டுக்குள்ள வந்தா மீன் நாத்தம் தாங்கல. நாளைக்கு எவன் பொண்ணு குடுப்பான்? நான் நல்லதுக்குத்தானே சொல்றேன்?”

நல்லதுக்கு!

அந்த ஒரு வார்த்தையில் எனக்கு ரத்தம் கொதித்தது. ஏன் என்று இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கிற உங்களுக்கும் தெரியாது. சொல்கிறேன்.

நான் மாட்டு டாக்டர் என்பது உங்களுக்குத் தெரியும். ஆசைப்பட்டு ஆனவன் இல்லை. மனுஷனுக்கு வைத்தியம் பார்க்க ஸீட் கிடைக்காததால் மாட்டுக்கு வந்தவன். அறுபத்தொன்றாம் வருஷம் பரங்கிப்பேட்டைக்குப் பக்கத்தில் முதல் போஸ்டிங். கல்யாண வீடுகளில் “டாக்டர்” என்று அறிமுகம் செய்வார்கள். “எந்த ஆஸ்பத்திரி?” என்று யாராவது கேட்டுவிடக் கூடாதே என்று பந்திக்கு ஓடிவிடுவேன்.

ஒரு நாள் காலையில் ஆயிஷா பீவி வீட்டிலிருந்து ஆள் வந்தது. கணவர் இல்லாதவர். மகன் பினாங்குக்குக் கப்பலேறியதோடு சரி, தகவல் கிடையாது. ஒரே ஒரு எருமை. அதன் பாலில் ஜீவனம். அந்த எருமை கன்று போட முடியாமல் விடியற்காலையிலிருந்து தவிக்கிறது.

என்னைப் பார்த்ததும் அந்த அம்மாவுக்கு நம்பிக்கை போய்விட்டது. “யா அல்லா! சின்னப் பையனை அனுப்பி இருக்காங்களே!”

கன்றின் முன்னங்கால்கள் இரண்டும் வெளியே தெரிந்தன. தலையைக் காணோம். கழுத்து உள்ளே பக்கவாட்டில் மடங்கிக் கிடந்தது. கன்றைக் கொஞ்சம் உள்ளே தள்ளி, தலையைத் திருப்பி நேராக்கி, பிறகு இழுக்க வேண்டும். காலேஜில் கரும்பலகையில் படம் போட்டுக் காட்டியிருந்தார்கள். கரும்பலகை முக்காது. எருமை முக்கியது! முக்கும்போதெல்லாம் என் கை நசுங்கியது. சட்டையைக் கழற்றி, தோள் வரை சோப்பைப் பூசிக்கொண்டு, சேற்றில் குப்புறப் படுத்து முயன்றேன். விரல்கள் மரத்துப்போயின. கன்று செத்திருக்கும், தாயையாவது காப்பாற்றலாம் என்று நினைத்தேன்.

அப்போது என் விரலில் ஏதோ பட்டது. கன்றின் வாய். உள்ளே, அந்த இருட்டில் இருந்துகொண்டு, அது என் விரலைச் சப்பியது...

அதை எப்படிச் சொல்வது? இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. கீழ்த்தாடையைப் பிடித்தேன், திருப்பினேன், தலை வந்தது. கொஞ்ச நேரத்தில் கன்றும் வந்தது. ஆயிஷா பீவி அழுதார், சிரித்தார், என்னைத் திட்டவும் செய்தார். “இவ்ளோ நேரமா தம்பி? என் உசுரே போயிடுச்சு!”

சைக்கிளில் திரும்பும்போது நான் தனியாகச் சிரித்துக்கொண்டே போனேன். எதிரே மாட்டுவண்டியில் வந்தவர் பயந்து ஒதுங்கினார். மறுநாளிலிருந்து “எந்த ஆஸ்பத்திரி?” என்று கேட்டவர்களிடம் நின்று பதில் சொன்னேன். ராத்திரி படுக்கும்போதே எப்போது விடியும் என்றிருந்தது. இருபத்து நாலு வயதில் அப்படி ஒரு வேலை கையில் கிடைப்பதென்றால் சும்மாவா?

அதைப் பிடுங்க எந்த எதிரியும் வரவில்லை. மாமா வந்தார், பண்ருட்டிப் பலாப்பழத்தோடு. பழத்தைச் சாப்பிட்டு முடித்த சில வாரங்களில் கடலூருக்கு மாற்றல் உத்தரவு. ஆபீஸ் உத்தியோகம். நான் கேட்கவே இல்லை!

பஸ் பிடித்து மஞ்சக்குப்பம் போனேன். “யாரைக் கேட்டு மாமா இதைச் செஞ்சீங்க?”

“உன்னை எதுக்குடா கேக்கணும்? சாணி படாத வேலை. தலைக்கு மேல ஃபேன் சுத்தும். எவன் எவனோ இதுக்குத் தவம் கெடக்கறான். நல்லதுக்குத்தானே செஞ்சேன்?”

உத்தரவு உத்தரவுதான். போய் உட்கார்ந்தேன். ஃபேன் சுத்தியது. பக்கத்து டாக்டர்கள் எத்தனை மாடு பார்த்தார்கள் என்று கூட்டிப்போட்டு மேலே அனுப்புவது என் வேலை. சொந்தக்காரர்கள் எல்லாம் என்னைப் பார்த்துப் பூரித்தார்கள். வேலை பர்மனென்டா என்று கேட்டார்கள், குவார்ட்டர்ஸ் உண்டா என்று கேட்டார்கள். ஒருவர், ஒரே ஒருவர்... “உனக்குப் பிடிச்சிருக்கா?” என்று கேட்டிருப்பாரா?

அடுத்த வருஷம் ஒரு நாள் அந்த ஆபீஸ் வாசலில் ஆயிஷா பீவி நின்றுகொண்டிருந்தார். கடலூரில் உறவுக்காரர் வீட்டுக்கு வந்தவர், விசாரித்துக்கொண்டு என்னைப் பார்க்க வந்திருக்கிறார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

“எருமை எப்படிம்மா இருக்கு?”

“மவுத்தாயிடுச்சு தம்பி. இந்த ஈத்துலயும் கன்னு மாட்டிக்கிச்சு. ஆள் அனுப்பினேன். டாக்டர் மாறிப் போயிட்டாரு, புது டாக்டர் இன்னும் வரலன்னுட்டாங்க. கன்னும் போச்சு, அதுவும் போச்சு.”

அவர் அண்ணாந்து ஃபேனைப் பார்த்தார். பிறகு, துளிக்கூடக் கிண்டல் இல்லாமல், நிஜமான அக்கறையோடு கேட்டார்:

“இங்க உங்களுக்குச் சௌகரியமா இருக்கா தம்பி?”

மறுநாளே, கிராமத்துக்குத் திருப்பி அனுப்புங்கள் என்று மனுப் போட்டேன். மேலதிகாரி விழுந்து விழுந்து சிரித்தார். “எல்லாரும் இங்க வரத்தான்யா அலையறான். நீ என்ன, சாணிக்கு அலையறே?” மனு தள்ளுபடி. மறுபடி போட்டேன், மறுபடி தள்ளுபடி. கடைசியில் சிதம்பரம் பக்கத்தில் ஒரு டாக்டர், கடலூரில் சம்பந்தம் செய்தவர், இடம் மாற்றிக்கொள்ளச் சம்மதித்தார். “என் மூஞ்சில கரியைப் பூசிட்டே” என்று சொல்லி மாமா பேச்சை நிறுத்தியது அன்றைக்குத்தான்.

இப்போது அதே மாமா, அதே “நல்லதுக்கு.” ஆள் மட்டும் வேறு!

“மாமா, அந்த எருமை செத்துப்போனது உங்களுக்குத் தெரியுமா?” என்றேன்.

“எந்த எருமைடா?”

கத்திவிட்டேன். அடுப்படியிலிருந்து என் மனைவி ஓடிவந்தாள். ஆயிஷா பீவியைப் பற்றி, காலியாகக் கிடந்த என் டிஸ்பென்ஸரியைப் பற்றி, ஃபேனைப் பற்றி எல்லாம் கொட்டித் தீர்த்தேன். மாமா மிரண்டுபோனார்.

“அதுக்கு நான் என்னடா பண்ணுவேன்?”

“எதுவும் பண்ணாதீங்க மாமா! அதைத்தான் சொல்றேன். யாருக்கும் எதுவும் பண்ணாதீங்க!”

பாலு பக்கம் திரும்பினேன். “நீ சொல்லுடா. அங்க என்னதான் பண்றே?”

வந்ததிலிருந்து முதல் தடவையாகத் தலை நிமிர்ந்தது. “தேவனாம்பட்டினத்து போட் ஒண்ணு மச்சான். நடுக்கடல்ல நின்னு நின்னு போயிடுது. இன்ஜினையே மாத்தணும்னாங்க. நான் டீசல் பைப்பைக் கழட்டிப் பாத்தேன், ஒரு ஜாயின்ட்ல காத்து இழுக்குது. சரி பண்ணி அனுப்பினேன். அவுங்க திரும்பி வர்ற வரைக்கும் கரையிலேயே நின்னேன் மச்சான். போட்டு கண்ணுக்குத் தெரியல, சத்தம் மட்டும் கேக்குது. நிக்காம கேக்குது! அவுங்க பொம்பளைங்கல்லாம்...” கண்ணெல்லாம் சிரிப்பு.

எதிரே உட்கார்ந்திருந்த தகப்பனார் அந்த முகத்தைப் பார்த்தாரா என்கிறீர்களா? மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டிருந்தார்!

“ரெண்டு பேரும் உருப்பட மாட்டீங்க.” காபியைத் தொடாமல் எழுந்து, தனியாகவே பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விட்டார்.

பாலு சாப்பிட்டான், ராத்திரி எங்கள் வீட்டிலேயே தூங்கினான். திங்கட்கிழமை ஆபீஸுக்குப் போகவில்லை. நேரே பட்டறைக்குப் போனான். வியாழக்கிழமை மாமி சொல்லியனுப்பியிருக்கிறார்: கிணற்றடியில் குளித்துவிட்டு வந்தால் வீட்டில் சோறு உண்டாம். மாமா இப்போது எங்கள் இரண்டு பேரோடும் பேசுவதில்லை. பேசாமல் இருக்கட்டும்.

பிள்ளை பெற்றவர்களுக்கு ஒரு விண்ணப்பம். வேலை தேடிக் கொடுங்கள், சிபாரிசு பிடியுங்கள், யார் காலில் வேண்டுமானாலும் விழுங்கள். ஆனால் பையன் வேலையிலிருந்து சிரித்த முகத்தோடு வீடு திரும்புகிறானா? தயவுசெய்து அதற்குமேல் அவனுக்கு நல்லது செய்யாதீர்கள்!