நெல்லியடி மில்லில் என் பெயர்

பயணக் கட்டுரை எழுத எனக்குத் தகுதி இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எட்டாம் வகுப்போடு நின்றவன். கூட்டுறவுச் சங்கக்கடையில் மாவும் சீனியும் நிறுத்துக் கொடுப்பவன். நாலு பேர் முன்னால் கதைக்க நாக்கு ஒட்டிக்கொள்ளும். கட்டுரை எழுதுகிறவர்கள் இமயமலைக்கும் லண்டனுக்கும் போகிறார்கள். நான் போனது தெல்லிப்பழையிலிருந்து நெல்லியடிக்கு, ஏறக்குறைய பதினெட்டு மைல். ஆனாலும் அங்கே கண்டதை எழுதிவைக்க வேண்டும் போலிருக்கிறது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன காரணத்தையும் சொல்ல வேண்டும். இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை எனக்கு ஏதாவது ஒன்றில் மோகம் பிடிக்கும். முதலில் தீப்பெட்டிப் படங்கள். பிறகு சினிமாப் பாட்டுப் புத்தகங்கள், நூற்றுப் பதினாறு சேர்த்தேன். பிறகு ரேடியோவில் கிரிக்கெட் ஸ்கோர். ஆங்கிலம் விளங்காது, எண்களை மட்டும் பிடித்து எழுதுவேன். நடுவில் தீப்பெட்டி திரும்பி வந்து ஆறு மாதம் இருந்துவிட்டுப் போனது. என் மனைவி புவனேஸ்வரி இவை எல்லாவற்றுக்கும் ‘விசர்’, அதாவது பைத்தியம், என்று ஒரே பெயர்தான் வைத்திருக்கிறார்.

1984இல் பிடித்தது, வானொலியின் நேயர் விருப்பப் பாடல்கள். சனிக்கிழமை பகல் பன்னிரண்டரைக்கு வரும். பாட்டுக்கு முன்னால் அதைக் கேட்டு எழுதியவர்களின் ஊரையும் பெயரையும் வாசிப்பார்கள். கிழமைக்கு ஒன்றாக, வாரம் தவறாமல் தபாலட்டை எழுதி, கோயிலடித் தபால்பெட்டியில் போட்டேன். பாட்டில் எனக்கு அக்கறை குறைவு. ‘தெல்லிப்பழை நடராசா’ என்று கொழும்பிலிருந்து ஒரு குரல் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். வாசிக்கிற பெயர்களை எல்லாம் ஒரு கொப்பியில் வரிசையாக எழுதியும் வைத்தேன்.

அந்த வரிசையில் ‘நெல்லியடி மனோன்மணி, மில்லில் காத்திருப்போர்’ என்றும் கிழமைதோறும் வரும். சில நாள் என் பெயருக்குப் பக்கத்தில் வந்துவிடும். அயலில் பகிடி தொடங்கியது. ஒருவர் என் மனைவியிடமே, “என்ன பிள்ளை, மனோன்மணி சுகமே?” என்று கேட்டுவிட்டார். இனி அட்டை போடுவதில்லை என்று அன்று மனைவிக்குச் சத்தியம் பண்ணினேன். போடவும் இல்லை. நாலு கிழமை என் பெயர் வரவில்லை. ஐந்தாம் கிழமை வந்தது. அதற்குப் பிறகு ஒரு கிழமையும் தவறவில்லை.

“நான் போடேல்லையப்பா” என்றேன்.

“அப்ப ரேடியோக்காரர் கனவு கண்டவையோ?” என்றார் மனைவி.

அதோடு அவர் என்னோடு கதைப்பது குறைந்தது. இருபத்திரண்டு வருடத்தில் என்னை விசரன் என்று எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறார். பொய்யன் என்று நினைத்தது இதுதான் முதல் தரம். கொப்பியை எடுத்துப் புரட்டினேன். முன்பெல்லாம் என் பெயர் வரிசையில் எங்கெங்கோ கிடந்தது. கடைசி ஏழு கிழமையும் மனோன்மணிக்கு அடுத்ததாகவே வந்திருந்தது. ஒரே அட்டையில் எழுதினால்தான் அப்படி வரும்.

1985 ஆவணி மாதம், ஒரு சனிக்கிழமை. காலை 6.30.

நெல்லியடிக்குப் போய் அந்த மனுசியையே கேட்கப் போகிறேன் என்று மனைவியிடம் சொன்னேன்.

“ஓம், நேரிலையே போங்கோ. அட்டைக் காசாவது மிஞ்சும்” என்றார், அடுப்பைப் பார்த்தபடி.

வசாவிளான் பக்கத்தால் போனால் வழி கிட்ட. அங்கே ராணுவ முகாம் இருப்பதால் தேவையில்லாமல் ஒருவரும் போவதில்லை. ஆகவே சைக்கிளில் தெற்கே இறங்கி, சுற்றுப் பாதையில் போனேன்.

7.15. மருதனார்மடம். சந்தை கூடிவிட்டது. கத்தரிக்காய் மூட்டைகளுக்கு நடுவே சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் போக முடிந்தது. ஒரு பிளேன்ரீ குடித்தேன், எழுபத்தைந்து சதம். அங்கிருந்து உரும்பிராய் தாண்டிக் கோப்பாய்ச் சந்திக்குப் போக எட்டேகால் ஆயிற்று. ஒரு தேத்தண்ணிக் கடைக்குப் பின்னால் ஒரு ரூபா கொடுத்து சைக்கிளைப் பூட்டினேன்.

8.50. பருத்தித்துறை மினிபஸ். நெல்லியடிக்கு நாலு ரூபா.

“ஐயா நெல்லியடியிலை எவ்விடம்?” என்று கொண்டக்டர் கேட்டார்.

“ஒரு மில்லுக்கு.”

அவர் என் கையைப் பார்த்தார், காலடியையும் பார்த்தார். “அரிசியும் இல்லை, மிளகாயும் இல்லை. என்னத்தை அரைக்கப் போறியள்?”

பஸ்ஸே சிரித்தது. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். ஆனால் அவர் கேட்டது நல்லதாகப் போயிற்று. மில்லில் போய் நிற்க ஒரு சாட்டு வேண்டும் என்று அப்போதுதான் எனக்குப் பட்டது.

அச்சுவேலிப் பக்கம் கழிய வீடுகள் நின்றுவிடுகின்றன. பிறகு வல்லை வெளி. இரண்டு பக்கமும் உப்பு வெளுத்த தரை, தூரத்தில் ஒரு கோடு தண்ணீர், ஒற்றைக் காலில் நிற்கும் கொக்குகள். காற்று பஸ்ஸைப் பக்கவாட்டில் தள்ளுகிறது. ஒதுங்க ஒரு மரம் கிடையாது. மேலே ராணுவ ஹெலிகொப்டர் வந்தால் என்ன செய்வது என்று எல்லோருக்கும் யோசனை போல. பாலம் தாண்டும் வரை ஒருவரும் கதைக்கவில்லை.

9.45. நெல்லியடி. மில்லைத் தேடத் தேவையில்லை, சந்தைக்குப் பின்னால் அதன் இரைச்சலே வழி காட்டியது. அதன் வாசலை நாலு தரம் கடந்து போனேன். உள்ளே போகத் துணிவு வரவில்லை. சந்தையில் கால் கிலோ செத்தல் மிளகாய் வாங்கினேன், பன்னிரண்டு ரூபா. மிளகாய்ப் பையோடு இன்னும் இரண்டு தரம் கடந்தேன்.

12.10. வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் ஏழெட்டுப் பேர். மெசினடியில் ஐம்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண், முழங்கை வரை மா. “மனோன்மணியக்கா!” என்று ஒருவர் கூப்பிட்டார். ஆளைக் கண்டுகொண்டேன்.

12.25. அவர் மெசினை நிற்பாட்டினார். பெல்ட் இரண்டு தரம் அடித்து ஓய்ந்தது. சுவர்த் தட்டில் இருந்த ரேடியோவின் மேலிருந்த துணியை எடுத்து உதறினார்.

“அக்கா, என்ரை அரிசி காயுது” என்றாள் மில்லுக்குப் புதிதாக வந்த ஒரு பெண்.

“அரை மணித்தியாலத்திலை அரிசி செத்துப்போகாது. இரு.”

பெயர்கள் வரத் தொடங்கின. வவுனியா, கல்முனை, சாவகச்சேரி. பிறகு, “நெல்லியடி மனோன்மணி, மில்லில் காத்திருப்போர், தெல்லிப்பழை நடராசா.”

“ஆ, நடராசா இருக்கிறார்” என்றபடி, மிளகாய் நிறைந்த ஓலைக் கடகத்தோடு நின்ற ஒரு அம்மா சுவரில் சாய்ந்தார்.

“உவர் வாத்தியாராத்தான் இருப்பார். கிழமை தவறுறதில்லை” என்றார் ஒரு ஐயா.

“வாத்தியாரோ? நல்ல உயரம், சுருட்டைத் தலை. குரலிலையே தெரியுது” என்றார் கடகத்து அம்மா.

“அது ரேடியோக்காரன்ரை குரலெல்லே!”

எல்லோரும் சிரித்தார்கள். என் உயரம் ஐந்தடி மூன்றங்குலம். தலையில் மயிர் அதிகம் இல்லை. என்ன பாட்டுப் போட்டார்கள் என்பது இப்போது ஞாபகமில்லை.

பாட்டுகள் முடிந்ததும் மனோன்மணி என் பையைத் தூக்கிப் பார்த்தார். “கால் கிலோவுக்கு மெசின் போடேலாது, தம்பி. எவ்விடம்?”

“தெல்லிப்பழை.”

“தெல்லிப்பழையோ? பேர்?”

“நடராசா” என்று மிளகாய்ப் பைக்குச் சொன்னேன்.

ஒருவரும் நம்பவில்லை. “சும்மா பகிடி விடாதையும்” என்றார் ஐயா. இடுப்பில் செருகியிருந்த, மட்டையில் என் பெயர் எழுதிய கொப்பியை எடுத்துக் காட்டினேன். மனோன்மணி நாலைந்து பக்கம் புரட்டினார், பிறகு என் இரண்டு கையையும் பிடித்தார். சட்டைக் கை முழுவதும் மா.

“இருக்கிறீரே!” என்றார்.

“உந்தக் கட்டையனோ?” என்றார் கடகத்து அம்மா, உண்மையான கவலையோடு.

“அக்கா, என்ரை பேரை ஏன் போடுறியள்?” என்று கேட்டேன்.

“நாலு கிழமை உம்மடை பேர் வரேல்லை. அந்தப் பக்கம் ஷெல் விழுந்ததெண்டு கதை. இஞ்சை எல்லாரும் ஒவ்வொரு சனியும் என்னைக் கேக்கினம், எங்கை தெல்லிப்பழை, எங்கை தெல்லிப்பழை எண்டு. விலாசம் தெரியாது. ஆரிட்டைப் போய் விசாரிக்கிறது? அஞ்சாம் கிழமை நானே எழுதிப் போட்டன்.”

“அடியே மனோன்மணி, எங்களை ஏமாத்தினனியே!” என்றார் கடகத்து அம்மா.

“நீங்கள் எழுதினால், நான் இருக்கிறனோ இல்லையோ எண்டு எப்பிடித் தெரியும்?” என்றேன்.

“தெரியாதுதான். எண்டாலும் அவன் உம்மடை பேரை வாசிக்கேக்கை எனக்கும் ஒரு நிம்மதி வரும், தம்பி. அது ஒரு விசர்.”

அந்தச் சொல்லை நான் நன்றாக அறிவேன். ஆகவே வீட்டில் நடந்ததை அவருக்குச் சொல்ல முடிந்தது. முன்பின் தெரியாத ஏழெட்டுப் பேர் முன்னால் நான் இவ்வளவு கதைத்தது என் வாழ்நாளில் இல்லை. மனைவி என்னைப் பொய்யன் என்று நினைக்கிறார் என்று சொன்னபோது அங்கே ஒருவரும் சிரிக்கவில்லை.

மனோன்மணி ஒரு தகர ரின்னைத் திறந்து அடுத்த கிழமைக்கு எழுதிவைத்திருந்த அட்டையை எடுத்தார். “உம்மடை மனுசியின்ரை பேர் என்ன?” என்று கேட்டு, என் பெயருக்குப் பக்கத்தில் ‘புவனேஸ்வரி’ என்று எழுதி என்னிடம் தந்தார்.

“அவவிட்டைக் குடும். என்ரை கையெழுத்தைப் பாக்கட்டும். விருப்பமெண்டால் போடட்டும், இல்லாட்டில் கிழிக்கட்டும். கிழிச்சால் நான் இனி உம்மடை பேரை எழுதேல்லை.”

என் மிளகாயைக் கடகத்து அம்மா தன்னுடையதோடு சேர்த்து அரைப்பித்துப் பங்கு தந்தார். காசு வாங்க மறுத்துவிட்டார்.

2.40. திரும்பும் மினிபஸ். வல்லை வெளியில் காற்று இன்னும் கூடியிருந்தது. எங்கள் ஊர்ச் சங்கக்கடையில் பதினெட்டு வருடம் நிற்கிறேன். நான் ஒரு கிழமை வராவிட்டால், சாமான் யார் நிறுக்கிறது என்று கேட்பார்கள். நெல்லியடியிலோ என்னைக் கண்டிராதவர்கள் நாலு சனிக்கிழமை எனக்காகப் பயந்திருக்கிறார்கள். என் பெயர் ரேடியோவில் வர வேண்டும் என்று ஆசைப்பட்டேனே தவிர, அதை யாராவது காத்திருந்து கேட்பார்கள் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. சட்டைக் கையில் இருந்த மாவைத் தட்டாமல் விட்டேன்.

5.40. வீடு. அட்டையையும் தூளையும் மனைவியிடம் கொடுத்து நடந்ததைச் சொன்னேன். அவர் அட்டையை இரண்டு தரம் வாசித்துவிட்டு அலுமாரிக்குள் வைத்தார்.

அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை. அந்தத் தூளில் கத்தரிக்காய்க் குழம்பு வைத்தார். பின்னேரம் கோயிலுக்குப் போகும்போது அட்டையையும் எடுத்துக்கொண்டு போய், கோயிலடித் தபால்பெட்டியில் போட்டுவிட்டு வந்தார்.