முந்தி விழாத பச்சைக் குறி

எங்கள் கையேட்டில் ஓர் அத்தியாயம் வெளியாக இரண்டு பச்சைக் குறிகள் வேண்டும். வீட்டு மின்சாரப் பாதுகாப்பைப் பற்றி யார் வேண்டுமானாலும் எழுதி இணையத்தில் சேர்க்கலாம். தன்னார்வலர்கள் இருவர் தனித்தனியே படித்துச் சரி என்றால்தான் அது வாசகர் கண்ணில் படும். வங்காளத்தில் வங்கி வேலை பார்த்து, ஓய்வுபெற்ற பின்னும் இங்கேயே தங்கிவிட்ட நான் ஒருவன். மற்றவர் புறநகரான சாந்த்ராகாச்சியில் குடியிருக்கும் மின் பொறியாளர், திருநெல்வேலிக்காரர்.

எந்த மழைக்கு எங்கள் தெருத் தண்ணீர் எந்தப் படிவரை ஏறியது என்று தேதியோடு எழுதிவைப்பவன் நான். குறிகளுக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் வரும் நேரத்தையும் விடமாட்டேன். அவருடைய குறி ஒருநாளும் என்னுடையதற்கு முன்னால் விழுந்ததில்லை. நான் போட்டுவிட்டுக் காப்பி குடித்து முடிப்பதற்குள் பின்னாலேயே வரும். எவ்வளவு நீளமான அத்தியாயமானாலும் அப்படித்தான். மனிதர் படிக்கிறாரா, நான் தலையாட்டுவதைப் பார்த்துத் தானும் ஆட்டுகிறாரா?

வைகாசியில் ஓர் அத்தியாயம் வந்தது: தரைத்தளத்தில் தண்ணீர் புகுந்தால் செய்ய வேண்டியவை. மழைக்கு முன் அதை வங்காள மொழியில் அச்சிட்டு, எங்கள் கட்டடத்திலும் அக்கம்பக்கத்திலும் படிக்கட்டுச் சுவரில் ஒட்டுவதாக ஏற்பாடு. முதலில் பம்பின் பிளக்கைப் பிடுங்கவும், பிறகு மெயினை அணைக்கவும் என்றிருந்தது. எனக்கு நெருடியது. ஆனாலும் ஒன்றும் சொல்லவில்லை, குறியும் போடவில்லை. பொறியாளர் படித்தால் இதைப் பிடித்தே ஆகவேண்டும். பிடிக்கிறாரா, பார்ப்போம்.

அவரிடமிருந்தும் ஒன்றும் வரவில்லை. வானம் கறுக்கத் தொடங்கியது. கீழ்வீட்டு அம்மாளை நான் பௌதி, அண்ணி, என்பேன்; அவருக்கு நான் தாதா, அண்ணன். அவர், "தாதா, அந்தக் காகிதம் எப்போது?" என்று வங்காள மொழியில் கேட்டார். மழைக்கு மழை முழங்கால் தண்ணீரில் இறங்கிப் பம்பை நிறுத்துபவர் அவருடைய கணவர்தான். இனியும் சோதித்துக்கொண்டிருக்க முடியாது. பொறியாளரை லேக் மார்க்கெட் பக்கத்து இட்லிக் கடைக்கு வரச் சொன்னேன்.

"ஏன் சார் இன்னும் டிக் போடலை?" என்றேன்.

"நீங்க ஏன் போடல அண்ணாச்சி?"

"நான் போட்டாத்தானே நீங்க போடுவீங்க?"

அவர் வடையைத் தட்டில் வைத்தார். "இதுவா உங்க நெனப்பு? வந்த அன்னைக்கே டிக் போடுதீங்க. படிக்காமலே போடுதீங்களோன்னு எனக்குச் சந்தேகம். அதான் நான் முன்னாடியே படிச்சு வச்சுக்கிட்டு உங்களுதுக்காகக் காத்துக் கெடப்பேன். தப்புள்ளதுக்கு என்னைக்காவது போடுவீங்க, அன்னைக்குப் பிடிச்சிரலாம்னு."

"அப்ப இதுல தப்பு இருக்கா?"

"தண்ணிக்குள்ள நின்னு பிளக்கப் பிடுங்கச் சொல்லுதான், இருக்கான்னு கேக்கீங்களே!"

"எனக்கும் தெரிஞ்சுது. நீங்க பிடிக்கிறீங்களான்னுதான் பாத்தேன்."

"நல்லாருக்கு! ரெண்டு போலீஸ்காரனும் ஒருத்தன ஒருத்தன் பாத்துக்கிட்டு நிக்கோம். திருடன் நடுவால நடந்து போறான்."

அங்கேயே அவர் கைபேசியில் திருத்தம் எழுதினோம். தண்ணீரில் கால் வைக்காமல் மெயினை எட்ட முடிந்தால் மட்டும் அணைக்கவும். இல்லையென்றால் மின் நிறுவனத்துக்குச் சொல்லிவிட்டு மேலே போகவும். பம்பைத் தொடவே வேண்டாம். எழுதியவர் அன்றே ஏற்றுக்கொண்டார். முதல்முறையாகப் பொறியாளரின் குறி எனக்கு முன்னால் விழுந்தது. பக்கத்தில் ஒரு குறிப்பு: "படித்துவிட்டேன். நீங்களும் படிக்கவும்." மறுபடி முழுவதையும் படித்த பிறகே நான் என்னுடையதைப் போட்டேன்.

முதல் பெருமழையில் தண்ணீர் கீழ்ப்படியைத் தொட்டது. கீழ்வீட்டுக்காரர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு சுவரில் ஒட்டியிருந்ததை விரல் வைத்துப் படித்தார். படியில் நின்றபடியே மெயினை அணைத்தார். பிறகு பம்பின் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். காகிதத்தை நம்பி என் வீட்டுக்குள் போக எனக்கு மனம் வரவில்லை. அவர் மேலே ஏறி வரும்வரை மேல்படியிலேயே நின்றிருந்தேன்.