எண்ணெய்த் தலையோடு மூளைப் பரிசோதனைக்கு

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில் நாங்கள் மதுரைக்குப் பக்கத்தில் பரவையில் விவசாயம் பார்த்துக்கொண்டிருந்தோம். என் மகளுக்கு அப்போது ஏழு வயது. நன்றாக விளையாடிக்கொண்டிருப்பாள், திடீரென்று கண் நிலைகுத்தி, கைகால் வெட்டிக்கொண்டு விழுந்துவிடுவாள். பேய் பிடித்திருக்கிறது என்று முடிவு கட்டிவிட்டார் என் கணவரின் அண்ணன். கோடாங்கியை வரவழைத்துச் சாட்டையால் அடித்து ஓட்ட ஆடி வெள்ளியும் குறித்தாயிற்று. நோஞ்சான் பிள்ளை, ஓர் அடி தாங்குவாளா?

மூளையின் அலைகளை வரைந்து காட்டும் மிஷின் ஒன்று சென்னை ஆஸ்பத்திரிக்கு வந்திருப்பதாக மதுரை டாக்டர் சொன்னார். சாப்பிடாமல் கிடந்து அடம்பிடித்தேன்.

"சரி, போவோம். அதுல ஒண்ணும் தெரியலைன்னா அண்ணன் சொன்னபடிதான்" என்று சொல்லித்தான் என் கணவர் ரயிலேறினார்.

பட்டணத்துக்குப் போகிறோமே, பிள்ளை பரட்டைத் தலையோடு வரலாமா? வழிய வழிய நல்லெண்ணெய் தேய்த்து, இரட்டைச் சடை பின்னி அழைத்துப் போனேன். மிஷின் அறையிலிருந்த டாக்டரம்மா தலையைத் தொட்டதும் கையை உதறினார்.

"ஏம்மா, இவ்வளவு எண்ணெயா? கம்பி எப்படி ஒட்டும்? நல்லா அலசிக் கூட்டிட்டு வாங்க."

என் கணவர் முறைத்த முறைப்பு இருக்கிறதே! எதிர்க்கடையில் சீயக்காய் வாங்கி, ஆஸ்பத்திரிக் குழாயடியில் அவளை உட்காரவைத்துத் தேய் தேய் என்று தேய்த்தேன்.

பிறகு படுக்கவைத்து, பசை தடவிக் கம்பிகளை ஒட்டினார்கள். பேனா முட்கள் காகிதத்தில் ஓடின. மூச்சை இழுத்து இழுத்து விடச் சொன்னார்கள். விட்டாள். ஒன்றும் தெரியவில்லை என்றார் டாக்டரம்மா. என் கணவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். இனி ஆடி வெள்ளிச் சாட்டையடிதான் என்று ஆகிவிட்டது.

எண்ணெய் தேய்த்துத் தலைக்கு ஊற்றினால் தூக்கம் சொக்கும் அல்லவா? என் மகள் ஒரு கொட்டாவி விட்டு, கம்பிகளோடு அப்படியே தூங்கிப்போனாள். பதறி எழுப்பப் போனேன்.

"விடுங்கம்மா! சில பிள்ளைங்களுக்குத் தூங்கும்போதுதான் தெரியும்" என்று டாக்டரம்மா மிஷினை அணைக்காமல் ஓடவிட்டார். கொஞ்ச நேரம்தான். பேனாக்கள் எல்லாம் ஒன்றாகத் துள்ளின. காகிதம் முழுக்கக் கூர்கூராய்க் கோடுகள்!

"இதாம்மா உங்க பொண்ணோட வியாதி. மூளையில மின்சாரம் திடீர்னு தாறுமாறா ஓடுது. பேயும் இல்லை, பிசாசும் இல்லை. மாத்திரை இருக்கு."

ஓவென்று அழுதேன். சந்தோஷத்தில்தான்.

அண்ணன் எதிரே வாய் திறக்காத என் கணவர், ஊர் திரும்பியதும் நேராக அவரிடம் போனார். "அண்ணே, கோடாங்கிய வரவேணாம்னு சொல்லிருங்க. எங்கண்ணால பாத்துட்டு வாரேன், இது வியாதி. எம்பிள்ள மேல ஒரு அடி விழக்கூடாது" என்றாரே பார்க்கலாம்! அடேயப்பா, மனுஷனுக்குப் பேசவும் வருமா என்று அசந்துபோனேன்.

ஆடி வெள்ளியன்று என் மகள் பள்ளிக்கூடம் போனாள். மாத்திரையில் வலிப்பும் மெல்ல மெல்ல அடங்கிவிட்டது. எங்கேயாவது ஒரு குழந்தை வெட்டி இழுத்து விழுந்தால், கூட்டத்தை விலக்கிக்கொண்டு முதல் ஆளாகப் போய், அடிக்க ஓங்கும் எந்தக் கையையும் பிடித்து நிறுத்தும் தைரியத்தை அந்த ஒரு நாள்தான் எனக்குக் கொடுத்தது.