‘நாளைக்கு’ மெக்கானிக்

முதல் வேலையாகச் சாவியை வாங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொள்கிறார். பிறகுதான் கார் மேல் கிடக்கும் தார்ப்பாயை விலக்குகிறார். பானட்டைத் திறந்து, எதையும் தொடாமல், குனிந்து பார்த்தபடியே நிற்கிறார். நான் மணி பார்த்தேன். பதினோரு நிமிடம்.

நெடுநாள் நின்றுபோன வண்டிகளைக் கிளப்புவதுதான் இவருக்குத் தொழில். ஐம்பத்தைந்து வயது இருக்கும். ஒல்லி உடம்பு, நகக்கண்ணெல்லாம் கறுப்பு. சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. எல்லாருக்கும் அவர் ‘நாளைக்கு’. எந்த வண்டியையும் போன அன்றே அவர் கிளப்பியதில்லை. “இன்னிக்கு ஊறட்டும் சார், நாளைக்குப் பார்ப்போம்” என்பார்.

எனக்கோ அந்த வார்த்தையே ஆகாது. மகளுக்கு இது ஒன்பதாம் மாதம். டாக்டர் சொன்ன தேதிக்கு ஆறே நாள்தான். மருமகனுக்குக் கப்பலில் வேலை, இப்போது எந்தக் கடலில் இருக்கிறாரோ. எங்கள் வீடு மேட்டுத் தெருவின் கடைசி. முகவரியைக் கேட்டதுமே வாடகைக் கார்க்காரர்களுக்கு வேறு சவாரி வந்துவிடும். வீட்டிலேயே கார் இருக்கிறது. என் மனைவி போன பிறகு நான்கு வருடமாக நான்தான் அதைத் தொடவில்லை. தப்பு என்னுடையது, அதனாலேயே கோபம் முழுக்க அவர் மேல் பாய்ந்தது.

“சாவியைத் திருப்பினா தெரிஞ்சுடப் போகுது. இதுக்கு எதுக்குய்யா இத்தனை ஆர்ப்பாட்டம்?”

“தெரிஞ்சுடும் சார். ஆனா உள்ள துரு பிடிச்சு இறுகியிருந்தா, அந்த ஒரே திருப்புல எஞ்சின் போயிடும்.”

ஸ்பார்க் பிளக் நான்கையும் கழற்றிப் பழைய செய்தித்தாளில் வரிசையாக வைத்தார். ஒவ்வொரு துளையிலும் ஒரு கரண்டி எண்ணெய் விட்டார். பழைய பெட்ரோலை வடித்து முகர்ந்து முகத்தைச் சுளித்தார். ஏர் ஃபில்டருக்குள் ஓர் எலிக்கூடு இருந்தது. “காலி பண்ணிட்டாங்க, நல்லதாப் போச்சு” என்று குடியிருந்தவர்களைப் பற்றிப் பேசுவதுபோல் சொன்னார். கடைசியில் பேட்டரியைத் தூக்கி ஸ்கூட்டரில் வைத்துக் கட்டினார். “சார்ஜ் போடணும் சார். நாளைக்கு.”

அவர் தலை மறைந்ததும் நான் அலமாரியைக் குடைந்து மாற்றுச் சாவியைத் தேடி எடுத்தேன். காரில் உட்கார்ந்து திருப்பியும் பார்த்துவிட்டேன். பேட்டரி இல்லாத வண்டி என்ன செய்யும்? அசடு வழிய இறங்கி வந்தேன்.

மறுநாள் காலை பேட்டரியோடு வந்தவர் கார் கதவைத் திறந்ததுமே நின்றார். “சீட்டு பின்னால நகர்ந்திருக்கே சார்.” நான் தார்ப்பாயை மடிக்கத் தொடங்கினேன். “எங்க அண்ணன் வண்டியில நான் பேட்டரியை விட்டுட்டுப் போயிட்டேன். அவருக்கும் பொறுக்கலை. எஞ்சின் போச்சு. ஏழு வருஷம் என்கூடப் பேசலை” என்றார். அதில் குறையும் இல்லை, குத்தலும் இல்லை.

எஞ்சினைக் கையால் சுற்றிப் பார்க்க நீளமான ஸ்பேனரை மாட்டி இழுத்தார். அசையவில்லை. அப்போதுதான் உள்ளேயிருந்து “அப்பா” என்று குரல் கேட்டது. மகள் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள், முகம் வெளுத்திருந்தது. ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டேன். வர ஐம்பது நிமிடமாகுமாம்.

“பேட்டரியை மாட்டுய்யா!” என்று கத்தினேன்.

அவர் நிமிரவே இல்லை. இன்னும் கொஞ்சம் எண்ணெய் விட்டார், திரும்ப இழுத்தார். “வாடா கண்ணு. கொஞ்சம் வா” என்று எஞ்சினிடம் முணுமுணுத்தார். அந்த நிமிடம் அவரைக் கழுத்தைப் பிடித்துத் தள்ளிவிட்டால் என்ன என்று இருந்தது எனக்கு. எஞ்சின் நகக்கண் அளவு அசைந்தது. பிறகு விரலளவு. பிறகு ஒரு முழுச் சுற்று.

அதற்குப் பிறகுதான் பிளக், புது பெட்ரோல், பேட்டரி. எதையும் அவர் விடவில்லை. சாவியை என்னிடம் நீட்டினார். “நீங்க திருப்புங்க சார், நான் சத்தத்தைக் கேக்கணும்.”

இரண்டு முறை இருமி அடங்கியது. மூன்றாவது முறை ஷெட் முழுக்கப் புகையைக் கக்கிக்கொண்டு எஞ்சின் ஓடியது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மகளைப் பின்சீட்டில் ஏற்றினோம். அவர் பிரேக்கை நாலைந்து முறை மிதித்துப் பார்த்தார். “பிடிக்குது. ஆனா நாலு வருஷம் நின்ன பிரேக், நான் நம்ப மாட்டேன்” என்றவர், கூப்பிடாமலே என் பக்கத்து சீட்டில் ஏறிக்கொண்டார். மேட்டிலிருந்து இறங்கும்போது மகள் பல்லைக் கடித்துக்கொண்டு “சீக்கிரம்ப்பா” என்றாள். அவர் கை பிரேக்கிலிருந்து கையை எடுக்கவே இல்லை.

ஆஸ்பத்திரி வாசலில் அவளைச் சக்கர நாற்காலியில் வைத்து உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். பின்னாலேயே ஓடிய நான் கதவருகில் ஒருமுறை திரும்பிப் பார்த்தேன். எஞ்சினை அணைத்தாயிற்று, வண்டி சமதரையில்தான் நிற்கிறது. அவர் மட்டும் இன்னும் இறங்காமல், கை பிரேக்கை இரண்டு கைகளாலும் இழுத்துப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.