லூர்க் கால்வாய்ப் பாதை: தயவுசெய்து வலப்பக்கம்

பாரிசில் கார்ச் சத்தம் இல்லாமல் சைக்கிள் ஓட ஒரு பாதை உண்டா என்று நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். நிறையப் பேர் என்றால் மூன்று பேர். அதில் ஒருவர் என் மச்சான்.

உண்டு. நம்மவர் கடைகள் இருக்கிற லா சப்பலில் இருந்து பத்து நிமிடம் உழக்கினால் லா வில்லெத் வரும். அங்கே தொடங்கும் லூர்க் கால்வாயின் கரையோடு கிழக்கே போய்க்கொண்டே இருங்கள். முதலில் சுவரெல்லாம் கிறுக்கிய படங்கள், பிறகு வீட்டுத் தோட்டங்கள், பிறகு காடு, கடைசியில் கோதுமை வயல். கிளே-சூயி என்ற சிறிய ஊர் வரைக்கும் ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர். மேடு கிடையாது. கால்வாய்த் தண்ணீருக்கும் என்னைப்போல ஏற்றம் பிடிக்காது.

கடந்த மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனோம். நான் தனியாகப் பலதடவை போன பாதைதான். இந்தத் தடவை என் மனைவி புஷ்பத்துக்காகப் போனேன். போன இலையுதிர் காலத்தில் இதே பாதையில் பன்தான் பக்கத்தில் ஓர் இரும்புத் தடுப்பில் மோதி விழுந்து அவள் மணிக்கட்டை முறித்துக்கொண்டாள். கை பொருந்திவிட்டது. அவளுடைய பச்சைச் சைக்கிள் மட்டும் அன்றிலிருந்து எங்கள் கட்டடத்தின் நிலவறையில் கிடந்தது. சார்செலில் இருக்கும் மகள் தீர்ப்புச் சொல்லிவிட்டாள்: "அம்மா, செ ஃபினி. முடிஞ்சுது. சைக்கிளை விக்கிறம்." வாங்குகிற ஆளையும் அவளே பிடித்துவிட்டாள். அடுத்த சனிக்கிழமை வந்து எடுத்துப்போவதாக ஏற்பாடு.

புஷ்பம் "ஓம்" என்றாள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. கலியாணம் முடித்த நாள்முதல் நான் சொன்ன ஒன்றுக்கும் ஓம் சொல்லாதவள்.

"விக்கிற சாமானை ஒருக்கா ஓடிப் பாக்க வேணுமெல்லே? செயின் அறுந்தால் வாங்கினவன் எங்களை ஏசுவான்" என்றேன்.

"உங்கடை விளையாட்டு எனக்குத் தெரியும். செவ்ரான் மட்டும்தான் வருவன். அங்காலை ரெயின்."

செவ்ரான் என்பது பாதி வழி. கால்வாய்க்குப் பக்கத்திலேயே ரயில் நிலையம். சரி என்றேன்.

காலை ஒன்பது மணிக்கு லா சப்பலில், ரூ பெர்தொனேயில் சுருட்டிப் பொரித்த றோல்ஸ் வாங்கப் போனோம். கடைக்காரத் தம்பி இரண்டு சைக்கிளையும் பார்த்தான்.

"அண்ணை, அக்காவுக்கு மகள் தடை போட்டதெண்டு கேள்வி?"

"தடை சைக்கிளுக்குத்தான் தம்பி. அக்காவுக்கு ஆர் தடை போடுறது?"

"ரெண்டு பேரும் கதைச்சது காணும். றோல்ஸைச் சுடச்சுடத் தாரும்" என்றாள் புஷ்பம்.

பன்தானில் அந்த இரும்புத் தடுப்பு வந்ததும் அவள் இறங்கிவிட்டாள். சைக்கிளைப் பிடித்துக்கொண்டு, தடுப்பைப் பார்க்காமல், தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நடந்தாள். ஒரு பகிடி என் வாய்வரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டேன். றோல்ஸைவிடச் சூடாக இருந்தது. தடுப்பைத் தாண்டிய பிறகும் கொஞ்சத் தூரம் நடந்துதான் ஏறினாள்.

செவ்ரானில் நின்றோம். நிலையத்தின் பெயர்ப்பலகை தெரிந்தது.

"இந்தா, உம்முடைய ரெயின். கெதியாப் போம்" என்றேன்.

"நீங்கள் சொல்லி நான் போறதோ?" என்று சொல்லிவிட்டு உழக்கத் தொடங்கினாள். இத்தனை வருடத்தில் நான் கற்ற ஒரே வித்தை அது.

செவ்ரானுக்கு அப்பால்தான் இந்தப் பாதையின் அருமை. ஓக் மரக் காட்டுக்குள் கால்வாய் நேர்கோடாகப் போகிறது. தூண்டில் போட்டபடி தூங்குகிற கிழவர்கள். ஒற்றைக்காலில் நின்று அவர்களைக் காவல் பார்க்கிற நாரைகள். சைக்கிள் சில்லின் சத்தமும் குயிலின் சத்தமும் தவிர ஒன்றுமில்லை.

இங்கேதான் நம்மவர்களுக்கு ஓர் ஆபத்து இருக்கிறது, கவனியுங்கள். நாங்கள் ஊரில் இடப்பக்கம் சைக்கிள் ஓடிப் பழகிய ஆட்கள். பாரிசுத் தெருவில் கார்களுக்குப் பயந்து உடம்பு வலப்பக்கம் நிற்கும். பயம் போனால் பழைய புத்தி வந்துவிடும். எவ்வளவுக்கு அமைதியான பாதையோ அவ்வளவுக்கு இடப்பக்கம் இழுக்கும். நானும் குயிலைக் கேட்டுக்கொண்டு ராசா மாதிரி இடப்பக்கமாகப் போனேன்.

வில்பரிசி தாண்டி ஒரு வளைவு. எதிரே பந்தயக்காரர்கள் பத்துப் பேர், தலைக்கவசமும் இறுக்கின உடுப்புமாக, அம்புபோல வந்தார்கள். முன்னால் வந்தவன் "ஆ த்ருவாத்! ஆ த்ருவாத்!" என்று கத்தினான். பின்னால் இருந்து புஷ்பம் அதையே தமிழில் கத்தினாள்: "வலப்பக்கம்! ஐயோ, வலப்பக்கமப்பா!"

எனக்கு இரண்டு மொழியும் விளங்கியது. கைக்குத்தான் விளங்கவில்லை. இன்னும் இடப்பக்கமாக வெட்டி, ஒரு மரத்தில் முன்சில்லை மோதி, பற்றைக்குள் போய் விழுந்தேன். வெறும் பற்றை இல்லை, தொட்டாலே அரிக்கிற காஞ்சோண்டிப் பற்றை. அரைக்காற்சட்டை போட்டிருந்தேன். மிச்சத்தை நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள்.

பந்தயக்காரர்கள் இறங்கி என்னைத் தூக்கிவிட்டார்கள், நல்ல பிள்ளைகள். எலும்புக்கு ஒன்றுமில்லை. சில்லு அப்பளம்போல வளைந்துவிட்டது. புஷ்பம் முகம் வெளுத்து ஓடிவந்தாள். என் கையைக் காலைத் தடவிப் பார்த்தாள். பிறகு நான் நின்று சொறிகிற சொறியைப் பார்த்துச் சிரிக்கத் தொடங்கினாள். குந்தியிருந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். பன்தானில் அவள் விழுந்த நாளுக்குப் பிறகு அப்படிச் சிரித்ததை நான் காணவில்லை.

றோல்ஸைச் சாப்பிட்டுவிட்டு, வளைந்த சைக்கிளைத் தூக்கியும் தள்ளியும் வில்பரிசி நிலையத்துக்கு வந்தோம். நான் இரண்டு டிக்கெட் எடுக்கப் போனேன்.

"ஒண்டு காணும்" என்றாள். "நீங்கள் ரெயின்ல போங்கோ. நான் கால்வாயாலை வாறன்."

"தனியவோ? இருபது கிலோமீட்டரப்பா!"

"ஓம், தனிய. இடையிலை இடப்பக்கம் போறதுக்கு ஒருத்தரும் இல்லைத்தானே?"

பாரிசின் கார் து நோர் நிலையம் வரைக்கும் ரயிலில் அரை மணித்தியாலமும் ஆகாது. லா வில்லெத்தில் தண்ணீரோரம் வந்து குந்தினேன். ஒரு மணித்தியாலம் போயிற்று. இன்னும் ஒன்று போயிற்று. காஞ்சோண்டிக் கடியும் மறந்துபோயிற்று. அந்த இரும்புத் தடுப்பு மட்டும்தான் கண்ணுக்குள் நின்றது. அப்போது பார்த்து மகள் போன் எடுத்தாள்.

"அப்பா, அம்மா எங்கை?"

"வந்துகொண்டிருக்கிறா."

"எதிலை?"

நான் எழும்பிக் கால்வாய்ப் பக்கம் எட்டிப் பார்த்தேன்.

"அப்பா! எதிலை?"

பின்னால் மணிச்சத்தம் கேட்டது. திரும்பினேன். வியர்த்து, கன்னம் சிவந்து, பச்சைச் சைக்கிளில் இருந்தபடியே புஷ்பம் சொன்னாள்: "பாதையிலை நிக்கிறியள். தள்ளி நில்லுங்கோ."

"அந்தத் தடுப்பு?" என்று கேட்டேன்.

"அதுக்கென்ன? அது தன்ரை பாட்டிலை நிண்டது. நான் என்ரை பாட்டிலை வந்தன்." போனை என் கையிலிருந்து வாங்கி, மகளோடு தானே கதைத்தாள்.

போக விரும்புகிறவர்களுக்குச் சில வார்த்தை. ஞாயிறு காலை வெள்ளனப் போங்கள், பத்துக்குப் பிறகு பிள்ளைகுட்டிக் கூட்டம். சைக்கிளை ரயிலில் ஏற்றக் காசில்லை. சனி, ஞாயிறு எந்த நேரமும் ஏற்றலாம், மற்ற நாளில் வேலை நெரிசல் நேரம் விடமாட்டார்கள். ஆளுக்கு டிக்கெட் இரண்டரை யூரோ அளவில் வரும். செவ்ரானுக்கு அப்பால் கடை குறைவு, தண்ணீரும் சாப்பாடும் கொண்டுபோங்கள். நீளக் காற்சட்டை போடுங்கள். கார் இல்லாத இடத்தில்தான் வலப்பக்கத்தை நன்றாக ஞாபகம் வைத்திருங்கள்.

சனிக்கிழமை, சொன்னபடி ஆள் வந்தான். புஷ்பமே நிலவறைக்குக் கூட்டிப்போனாள். வளைந்த சில்லோடு நின்ற என் சைக்கிளைக் காட்டி, "தம்பி, விக்கிறது இதைத்தான்" என்றாள்.